பட்ஜெட்டில் கடன் வட்டியைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் டீக்கடைப் பேச்சு நாட்டின் கடன் பக்கம் திரும்பினால் மொத்தத் தொகையைக் கேட்டு மலைக்காதீர்கள், முதலில் வட்டியைப் பாருங்கள். மத்திய பட்ஜெட் இணையதளத்தில் 'பட்ஜெட் ஒரு பார்வை' (Budget at a Glance) என்று ஒரு சின்ன ஆவணம் இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் வருவாய் வரவு, அதாவது கடன் சேராமல் வரி போன்றவற்றில் வரும் வருமானம், 34.20 லட்சம் கோடி ரூபாய், வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால், நூறு ரூபாய் வந்தால் 37 ரூபாய் பழைய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாரும் பார்க்க வேண்டிய எண்.

அப்புறம் நிதிப் பற்றாக்குறை, 15.69 லட்சம் கோடி; அந்த வருஷம் அரசு வாங்கப்போகும் கடன் ஏறக்குறைய இதுதான். இதில் வட்டியைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 2.93 லட்சம் கோடி, அதற்குப் பெயர் முதன்மைப் பற்றாக்குறை.

சரி, வாங்கிய கடன் எதற்குப் போகிறது? வருவாய்ப் பற்றாக்குறையைப் பாருங்கள், அதாவது சம்பளம், வட்டி, மானியம் மாதிரியான அன்றாடச் செலவுக்கு வருவாய் வரவு போதாமல் விழும் துண்டு, 5.24 லட்சம் கோடி. ரப்பர் கன்று நடக் கடன் வாங்கினால் ஏழு வருஷம் கழித்தாவது பால் வெட்டலாம், வீட்டுச் செலவுக்கு வாங்கினால் வட்டிதான் மிச்சம், இந்த 5.24 அந்த இரண்டாவது வகை. தமிழ்நாடு பட்ஜெட்டையும் இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.