பொருத்தனையும் தினத்துதியும்: தவறாமல் செலுத்த

நெருக்கடியில் பண்ணிய பொருத்தனைதான், அதாவது இதைச் செய்கிறேன் என்று கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட வாக்குதான், பெரும்பாலும் நிலுவையில் நிற்கும். கஷ்டம் தீர்ந்ததும் மனசு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. எனவே அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எதற்காக, என்ன, எவ்வளவு, எந்த நாளுக்குள். "நிறைய ஜெபிப்பேன்" என்று எழுதினால் நிறைவேற்றினோமா என்பதே தெரியாது. "ஆறு மாதம், வெள்ளிதோறும் காலை உபவாசம்" என்றால் தெரியும். பணமானால், கையில் வந்த அன்றே தனி உறையில் எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவது பொருத்தனைக் காசு அல்ல.

பேசுமுன் யோசியுங்கள். பொருத்தனை பண்ணாதிருந்தால் பாவமில்லை, பண்ணிவிட்டுத் தாமதித்தால் பாவம் என்று வேதாகமத்தில் உபாகமம் 23:21, 22 தெளிவாகச் சொல்கிறது. இன்னொருவர் உழைப்பையோ பணத்தையோ நேர்ந்துகொள்ளாதீர்கள்; வீட்டாரையும் பாதிக்கும் என்றால் முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

சங்கீதம் 61:8 துதியையும் பொருத்தனையையும் தினசரிக் காரியமாகவே சேர்த்துச் சொல்கிறது. காலையில் போனைத் தொடுமுன் பத்து நிமிஷம் போதும். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 103 நல்ல தொடக்கம். பிறகு நேற்று நடந்த மூன்று நன்மைகளைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் துதி வறண்டுபோகிறது. விண்ணப்பங்கள் அதற்குப் பின். முதலில் நுழைந்தால் நேரம் முழுவதையும் அவையே எடுத்துக்கொள்ளும். முடிவில் நோட்டைத் திறந்து நிலுவையைப் பாருங்கள்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். தவறியதைக் கர்த்தரிடம் அறிக்கையிட்டு, வழக்கமான அளவிலேயே தொடருங்கள். செலுத்தி முடித்ததும் தேதியிட்டு, சபையிலோ குடும்ப ஜெபத்திலோ சாட்சியாகச் சொல்லுங்கள். சங்கீதம் 116-ல் பொருத்தனை ஜனங்கள் முன்பாகத்தான் செலுத்தப்படுகிறது.