அடிபட்ட காட்டுக் குட்டி வீட்டில் கிடைத்தால் செய்யக்கூடாத தவறுகள்

அணில் குட்டியோ பறவைக் குஞ்சோ வாசலில் அடிபட்டுக் கிடந்தால், பலரும் முதலில் தேடுவது பாலும் இங்க் ஃபில்லரும்தான். பசிக்குமே என்ற பதைப்பு புரிகிறது. ஆனால் பிழைக்கக்கூடிய காயத்தோடு வந்த குட்டியையும் அந்த அவசரம் கொன்றுவிடும். முதலில் கதகதப்பு, கூடவே இருட்டும் அமைதியும், அதன் பிறகே நீர். உணவு கடைசி. இந்த வரிசை தப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ரோமம் முளைக்காத, கண் திறக்காத குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு சில்லிட்டுவிட்டால் குடல் அசையாது. அப்போது உள்ளே போகும் பால் செரிக்காமல் தங்கி, புளித்து, வயிறு ஊதிவிடும். தொட்டுப் பார்க்கையில் உங்கள் விரலைவிடக் குட்டி குளிர்ச்சியாக இருந்தால் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.

காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். டர்க்கித் துண்டு வேண்டாம். அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொண்டால் குட்டி இழுத்து இழுத்தே விரலை முறித்துக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி செல்சியஸில், பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி காலியாக இருக்க வேண்டும். பலர் பாட்டிலை வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டைத்தான் இழுக்கும். அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து நீரை மாற்றுங்கள். வெயிலில் வைப்பது, பல்பை நேராக மேலே தொங்கவிடுவது, ஹேர் டிரையரால் ஊதுவது மூன்றும் உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் வற்றவைக்கும்.

அடுத்தது புரையேறுதல். பறவையின் மூச்சுக்குழாய் வாய்க்குள்ளேயே, நாக்கின் அடிப்பகுதியில் திறக்கிறது. அலகைப் பிளந்து தண்ணீர் விட்டால் அது நேராக நுரையீரலுக்குப் போகலாம். ஆகவே பறவைக் குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பாலூட்டிக் குட்டியைக் கைக்குழந்தை போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டுவதும் இதே ஆபத்துதான். சிகிச்சைக்குக் கொண்டுபோகப் பல மணி நேரம் ஆகும், உடம்பும் சூடாகிவிட்டது, தானாக விழுங்குகிறது என்றால் மட்டும், குப்புற வைத்துத் தலையைச் சற்று உயர்த்தி, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான ஓஆர்எஸ் கரைசலை உதட்டோரம் சொட்டுச் சொட்டாக வையுங்கள். மூக்கில் நீர் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள்.

பசும்பால் வேண்டவே வேண்டாம். பல காட்டுக் குட்டிகளின் வயிறு அதைத் தாங்காது. வயிற்றுப்போக்கு வந்து, ஏற்கெனவே வறண்ட உடம்பு இன்னும் வறளும். பறவைகள் பால் குடித்து வளர்வதே இல்லை. கண் திறக்காத பல குட்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தாய் நக்கிவிட்டால்தான் அவை சிறுநீரும் மலமும் கழிக்கும். ஊட்டத் தெரிந்தவர்கூட இதைத் தெரியாமல் குட்டியை இழந்துவிடலாம்.

காயத்துக்கு வருவோம். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். அழுக்கு இருந்தால் கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்துக் கழுவலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதுத் திசுவைச் சேர்த்தே அரிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு இறகில் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு குளிர் தாங்காது. முறிந்த காலுக்கு நீங்களே குச்சி கட்டாதீர்கள். பறவையின் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மூச்சே நின்றுவிடும், ஏனென்றால் மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்குச் சுவாசம். நமக்கான வலி மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

பூனை வாயில் இருந்து மீட்டதா? காயமே தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. பூனைப் பல் ஊசி போல இறங்கும், மேலே தோல் மூடிக்கொள்ளும், உள்ளே பாக்டீரியா பரவும். நன்றாகத்தானே துள்ளியது என்று நினைத்த குஞ்சு ஓரிரு நாளில் சாகும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் தேவை.

அடிபடாத குட்டியைத் தூக்கிவந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், தத்தித் தத்தி ஓட்டம் என்றிருந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாய், பூனையை விலக்கி, அருகில் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ விட்டால் போதும். இறகு முளைக்காததைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. அணில் குட்டியானால், காயமில்லாமல் சூடாக இருக்கும்போது, திறந்த பெட்டியில் கதகதப்போடு அதே மரத்தடியில் வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். தாய் கவ்விக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். அந்தி சாய்ந்தும் வராவிட்டால் உள்ளே எடுங்கள்.

வெறுங்கையால் எதையும் தூக்காதீர்கள், வௌவாலை ஒருபோதும். பாலூட்டி எதுவானாலும் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் விஷயத்தில் சின்னக் கீறல் என்ற அலட்சியம் கூடாது. வௌவாலின் கடி கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பெட்டியில் வைத்த பிறகு எட்டிப் பார்ப்பது, தடவிக்கொடுப்பது, பிள்ளைகளுக்குக் காட்டுவது, படம் பிடிப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கையில் அசையாமல் கிடப்பது உங்களை நம்பியல்ல, பயத்தில் உறைந்துபோய். வனத்துறைக்கோ காட்டுயிர் மீட்புக் குழுவுக்கோ உடனே போன் செய்யுங்கள். பல நாடுகளில் அனுமதியின்றிக் காட்டுயிரை வைத்திருப்பதே குற்றம். கிடைத்த இடம், நேரம், பூனை கவ்வியதா, என்ன கொடுத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டுங்கள். இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள். தேறிய பிறகு பெரும்பாலும் அங்கேதான் அதைத் திரும்ப விடுவார்கள்.