கப்பல் கிளம்புவதற்குள் காட்டைப் பார்த்துவிட்டு வர

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற எங்கள் வடசென்னைக்காரர்களிடம் கட்-ஆஃப் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கன்டெய்னர் இத்தனை மணிக்குள் கேட்டுக்குள் போயாக வேண்டும். போகவில்லையா, கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது என்று யார் போய்ச் சொன்னாலும் நிற்காது. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 22 வருடமாக நான் பார்ப்பது இந்த வேலையைத்தான். அதனால் சுற்றுலாக் கப்பலில் போய், நடுவில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, ஜீப்பில் காடு பார்த்துவிட்டு வர நினைப்பவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு உங்களுக்கும் ஒரு கட்-ஆஃப் உண்டு. எந்த விலங்கைப் பார்க்கலாம் என்பதிலிருந்து தொடங்காமல், எத்தனை மணிக்குள் திரும்பக் கப்பலில் ஏற வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் புதிய பயணிகள் முனையம் திறந்து, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் போய்வரும் கப்பல் கிளம்பியது. தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போய் ஏறிக்கொள்ளலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. இதுவரை இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் அம்பாந்தோட்டையில் இறங்கிக் காட்டுக்குப் போனேன். முதல் தடவை கணக்கு தப்பியது, இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் மூன்று காடுகள் இருக்கின்றன. கிழக்கே யால. அதற்கு முன்னாலேயே, கடற்கரையை ஒட்டி, பூந்தல. வடக்கே உள்ளே போனால் உடவளவ. எல்லோரும் கேட்பது யாலதான், அங்கே சிறுத்தை அதிகம் என்பதால். இலங்கையில் புலியும் கிடையாது, சிங்கமும் கிடையாது. அங்கே காட்டுக்குப் பெரியவர் சிறுத்தைதான், அதனால் அது பயமில்லாமல் பாதையிலேயே நடக்கும் என்பார்கள். யானைக் கூட்டம் மட்டும் போதும் என்றால் உடவளவ நல்லது. ஆனால் அதுவும் யால மாதிரி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம்.

முதல் தடவை ஜூன் கடைசியில் ஆபீஸ் நண்பர்களோடு போனேன். கப்பலிலேயே பணம் கட்டி யால சஃபாரி எடுத்தோம். சீட்டில் 6 மணி நேரம் என்று போட்டிருந்தது. நானும் 6 மணி நேரம் காட்டில் இருப்போம் என்று நினைத்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். கப்பலைக் காலை 8 மணிக்குக் கட்டினார்கள். இலங்கை அதிகாரிகள் அனுமதி கொடுத்து, எல்லோரையும் வரிசையாக இறக்கி, பஸ் கிளம்பும்போது 9.30. திஸ்ஸமகாராமையில் பஸ்ஸை விட்டு ஜீப்புக்கு மாறி, பலட்டுப்பான வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே நுழையும்போது 11 தாண்டிவிட்டது. திரும்பும்போது ஒரு ஹோட்டலில் சாப்பாடு, அதற்கு ஒரு மணி நேரம். மாலை 5 மணிக்குள் எல்லோரும் ஏற வேண்டும். கூட்டிக் கழித்தால் காட்டுக்குள் இருந்தது 2 மணி 10 நிமிடம். அதுவும் உச்சி வெயிலில். விலங்குகள் நடமாடுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். நடுப்பகலில் அவை நிழல் தேடிப் படுத்துவிடும். கப்பல் பயணிக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் அந்த நடுப்பகல்தான்.

அதனால் சஃபாரி எடுக்கும்போது மொத்த நேரத்தைக் கேட்காதீர்கள். ‘பூங்கா வாசலுக்குள் நுழைவதிலிருந்து வெளியே வரும் வரை எவ்வளவு நேரம்?’ என்று கேளுங்கள். கப்பலில் அந்தக் கவுன்டரில் இருக்கும் பிள்ளைக்கு உடனே தெரியாமல் இருக்கலாம். விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே இன்னும் சில கேள்விகள்: நுழைவுக் கட்டணம் சேர்த்தா, ஒரு ஜீப்பில் எத்தனை பேர், சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவார்கள், அதைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டுக்குத் திருப்ப முடியுமா? ஜீப்பில் ஆறு பேர் என்றால் நடுவில் உட்காருகிறவர் எழுந்து எழுந்துதான் பார்க்க வேண்டும்.

தனியாக வேன் பிடித்துப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காசு குறையும், நேரமும் உங்கள் கையில் இருக்கும், உண்மைதான். ஆனால் கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். யால அளவு தூரம் போவதாக இருந்தால் கப்பல்காரர்களோடே போங்கள். பூந்தலவுக்கு என்றால், பெயர் விசாரித்த ஓட்டுநராகப் பார்த்துத் தனியாகப் போகலாம் என்பது என் கருத்து. அப்போதும் கட்-ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் நிற்கிற மாதிரி ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். யானை சாலையைக் கடக்கிறது என்று வண்டிகள் நிற்பது அந்தப் பக்கத்தில் நடக்கிற விஷயம்தான்.

இவ்வளவு சொன்னாலும், யாலவில் கிடைத்த அந்த இரண்டு மணி நேரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட வந்த வழிகாட்டி, பாதை நடுவில் கிடந்த ஒரு கறுப்புக் குவியலைக் கண்டு ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கரடியின் எச்சம். இறங்கக் கூடாது என்பதால் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தோம். அதில் முழுக்க முழுக்கப் பழக்கொட்டைகள், வழவழவென்று பழுப்பாக மின்னின. பாலைப்பழம். மே முதல் ஜூலை வரை அந்தப் பழம் பழுக்கும் நாட்களில் கரடி மரத்திலேயே ஏறி உட்கார்ந்து தின்னும் என்றார். கரடியைப் பார்க்கவில்லை. ஆனாலும் அது காலையில் எங்கே இருந்தது, என்ன தின்றது என்று தெரிந்துகொண்டதில் மனது நிறைந்துவிட்டது.

அப்புறம் படனங்கல கடற்கரை. ஜீப்பிலிருந்து இறங்க அனுமதிக்கும் இடம் அது. அங்கே ஒரு தங்கும் விடுதி இருந்ததாம், 2004 டிசம்பர் 26 அலையில் போய்விட்டது. தளம் மட்டும் மிச்சம், பக்கத்தில் நினைவுச்சின்னம். அன்று காலை காசிமேட்டில் நாங்கள் என்ன பார்த்தோமோ, அதே மணி நேரத்தில் இங்கேயும் அதே தண்ணீர். எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் செல்ஃபி எடுக்க ஓடினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்களும் போனால் அங்கே இரண்டு நிமிடம் அமைதியாக நில்லுங்கள்.

திரும்பும் வழியில் ஓட்டுநரின் போன் அடித்தது. சிறுத்தை. அவ்வளவுதான், எங்கிருந்தோ ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. நாங்கள் போய்ச் சேரும்போது இருபதுக்கு மேல் வண்டிகள், முட்டி மோதிக்கொண்டு, எல்லாம் எஞ்சின் ஓட. சிறுத்தை புதருக்குள் போய்விட்டிருந்தது. அதைச் சுற்றி வளைத்து வழி மறித்த மாதிரி இருந்தது எனக்கு. தயவுசெய்து ஓட்டுநரைத் துரத்தச் சொல்லாதீர்கள். நாம் கொடுக்கப்போகும் டிப்ஸை எதிர்பார்த்துத்தான் அவர்கள் அப்படி ஓட்டுகிறார்கள். ‘சிறுத்தை தெரியாவிட்டாலும் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம், மெதுவாகப் போங்கள்’ என்று ஏறும்போதே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, வண்டியும் நின்று நிதானமாகப் போகும்.

ஓட்டுநர்கள் அங்கே சிங்களக்காரர்கள். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார்கள். நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போனால் அவர் கிசுகிசுக்கும்போதே உங்களுக்குப் புரியும். அலியா என்றால் யானை, திவியா சிறுத்தை, கிம்புலா முதலை, மொனரா மயில். ஓட்டுநர் உங்களைவிடச் சின்னவர் என்றால் மல்லி, அதாவது தம்பி. பெரியவர் என்றால் அய்யா. அவர்கள் மொழியில் அய்யா என்றால் அண்ணன்.

இரண்டாம் தடவை ஜூலையில் அம்மாவையும் வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. இந்தத் தடவை பூந்தல என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 10.15க்கு வாசலில் இருந்தோம். அவசரமில்லாமல் மூன்றரை மணி நேரம் உள்ளே கிடைத்தது. யாலவில் கிடைத்ததைவிட ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் அதிகம். கடலும் உப்பங்கழியும் முள்காடும் சேர்ந்த இடம் அது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர்ப் பறவைகள் நடுப்பகலிலும் தண்ணீரில்தான் நிற்கும், முதலை வெயிலுக்காகவே கரையேறும். கப்பல் பயணிக்குக் கிடைக்கிற வேளைக்கு இந்தக் காடுதான் பொருந்தும்.

ஜீப்பின் பின் வரிசையில் வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள். குலுக்கலில் இடுப்பு கழன்றுவிடும். ஓட்டுநருக்கு நேர் பின் வரிசை பரவாயில்லை. ஏறுகிற படி உயரம், ஒரு சின்ன முக்காலி இருக்கிறதா என்று கேளுங்கள், பலரும் வைத்திருக்கிறார்கள். அம்மா அந்த வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கழி ஓரத்தில் ஒரு முதலை, எங்களுக்குப் பத்தடி தள்ளி, வாயை அகலத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. உள்ளே வெளிறிய மஞ்சளாக நாக்கு, ஒரு பல்லில் பாசி ஒட்டியிருந்தது. ‘கொட்டாவி விடுது பாருடா’ என்றார்கள் அம்மா. உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படி வாயைத் திறந்து வைக்கும் என்று வழிகாட்டி சொன்னார். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் நின்றதால் அதன் தொண்டைத் தோல் மேலும் கீழும் அசைவதுகூடத் தெரிந்தது. சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், மயில், மந்திக் கூட்டம், தூரத்தில் ஒரே ஒரு ஆண் யானை. தந்தம் இல்லை. இலங்கையில் தந்தமுள்ள ஆண் யானை மிகக் குறைவு.

பூநாரையைத் தேடி ஜூலையில் போகாதீர்கள். குளிர்காலப் பறவை அது. ஒரு காலத்தில் பூந்தலவில் ஏராளமாக வந்துகொண்டிருந்தது, இப்போது குறைந்துவிட்டது. வயல்களுக்குப் பாய்ந்த நன்னீர் வடிந்து மலல, எம்பிலிகல கழிகளில் கலந்து உப்பைக் குறைத்துவிட, அது தின்னும் சின்ன உயிர்கள் அற்றுப்போயின என்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து இறால் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கேட்டதும் வயிறு எரிந்தது. பூநாரை வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் நம் பழவேற்காட்டுக்குப் போங்கள்.

போகும் வழியில் கதிர்காமம் என்று ஒரு பலகை வந்தது. ‘இவ்வளவு கிட்டவா இருக்கு?’ என்று அம்மா கேட்டார்கள். யாலவுக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது முருகன் கோயில். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் காடு, கோயில் இரண்டையும் ஒரே கப்பல் நாளில் வைத்துக்கொண்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும். ஆடி மாதத் திருவிழா நாட்களில் அந்தச் சாலையே நகராது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோயில்தான் முக்கியம் என்றால், கிளம்புவதற்கு முன்பே கேட்டு, அன்று கோயிலுக்கே போங்கள். நான் கேட்காமல் விட்டது தப்பு. அம்மா ஜீப்பிலிருந்தே கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

காட்டிலிருந்து வெளியே வந்ததும் சாலையோரத்தில் எருமைத் தயிர் விற்பார்கள், மண்சட்டியில். கித்துல் பாணி, அதாவது கூந்தல்பனைப் பாகு ஊற்றி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். கப்பலுக்குள் வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள். கப்பலிலிருந்து பழம், சோறு எதையும் கரைக்கு எடுத்துப்போகவும் கூடாது. பிஸ்கட் பாக்கெட் போதும்.

பையில் பாஸ்போர்ட், கப்பல் அட்டை, இலங்கைச் சில்லறை நோட்டு, தண்ணீர், முகத்தில் கட்டப் பருத்தித் துண்டு, ஒரு நல்ல பைனாகுலர். நம் நாட்டையும் சேர்த்து சார்க் நாட்டுக்காரர்களுக்குப் பூங்காக் கட்டணம் தனி, அதற்குப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். தனியாகப் போகிறவர்கள் மறக்காதீர்கள். கப்பல் ஆட்டத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஜீப்புக்கும் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கடலில் போனை ஃபிளைட் மோடில் வையுங்கள், கப்பலின் சிக்னலில் மாட்டினால் கட்டணம் எகிறும். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, பெரும்பாலான வருடங்களில், வறட்சி காரணமாக பெரும்பாலான ஜீப்புகள் போகும் யாலவின் முதல் பிரிவை மூடிவிடுவார்கள். பௌர்ணமி அங்கே விடுமுறை, அன்று கூட்டம் அள்ளும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்குத் திருகோணமலையில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கிருந்து உள்ளே போனால் கவுடுல்ல, மின்னேரியா என்று இரண்டு காடுகள். அந்தக் கால மன்னன் மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளம் வற்ற வற்றப் புல் முளைத்து, நூற்றுக்கணக்கில் யானைகள் வந்து மேயும். ஆனால் அவை கூடுவது சாயங்காலத்தில். கப்பல் இரவு வரை நிற்கும் என்றால் மட்டுமே அதைப் பாருங்கள். நான் இன்னும் போகவில்லை.

கடல் மோசமாக இருந்தால் கப்பல் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்படி ஆனால் கப்பலில் கட்டிய சுற்றுலாப் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். சென்னைக்கு வருவதற்கு முந்தைய இரவே கணக்குச் சீட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். காலையில் இறங்குகிற நெரிசலில் அதைப் பேச நேரம் இருக்காது.