குளிர்காலத்துக்கு ஆர்.வி.யை நிறுத்தும்போது நடக்கும் தவறுகள்

"டேங்கைத் திறந்துவிட்டேன், தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது, வேலை முடிந்தது." ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள பயண வண்டி) வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன்னால் சொல்வதில் அதிகம் செலவு வைப்பது இந்தப் பேச்சுதான். டேங்க் காலியானது உண்மை. ஆனால் பனியில் முதலில் உடைவது டேங்க் இல்லை. பம்பின் தலைப்பகுதி, குழாய் முழங்கை, ஷவர் வால்வு, கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் வால்வு, இவைதான் உடையும். எல்லாம் வடிந்த பிறகும் கால் டம்ளர் தண்ணீர் எங்கே தங்குகிறதோ அங்கேதான் ஆபத்து.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். பெரிய டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் அது மேல்நோக்கிப் பெருக இடம் இருக்கிறது. மூடிய வால்வுக்குள் சிக்கிய தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. இன்னொரு சங்கடம், உடைந்த அன்று எதுவும் தெரியாது. விரிசலைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் காலம் வந்து பம்பைப் போட்டால்தான் சுவருக்குள்ளிருந்து சத்தம் வரும்.

எனக்கு அந்தச் சத்தம் முதல் வருடமே கிடைத்தது. எல்லாக் குழாய்களையும் பார்த்துப் பார்த்துச் செய்தவன், வெளிப்புற ஷவரை மறந்துவிட்டேன். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் அது இருக்கிறது. அந்த வருடம் ஒரு தடவைகூட நாங்கள் அதைத் திறக்கவில்லை, அதனால் நினைவுக்கே வரவில்லை. பயன்படுத்தாத குழாயிலும் தண்ணீர் நிற்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே மறதிப் பட்டியல் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிப்புற ஷவர், கழிப்பறையின் ஃப்ளஷ் வால்வும் அதன் பக்கத்துக் கைப்பீச்சானும், ஐஸ் தயாரிக்கும் ஃபிரிட்ஜ் என்றால் அதற்குப் போகும் மெல்லிய குழாய், துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் ஃபில்டரின் கூடு, வெளியிலிருந்து ஹோஸ் மாட்டும் வாய். குளிர்நீரைத் திறந்து பார்த்துவிட்டு வெந்நீர்ப் பக்கத்தை விட்டுவிடுகிறவர்களும் நிறையப் பேர். ஒவ்வொரு குழாயிலும் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டை மாட்டுங்கள். பழைய ஃபில்டரைச் சேமித்து வைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

தவறான திரவம், தவறான நம்பிக்கை

தண்ணீரை வடித்த பின் குழாய்க்குள் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் (உறைந்து குழாயை உடைக்காமல் காக்கும் திரவம்) வேறு, எஞ்சின் ரேடியேட்டரில் ஊற்றுவது வேறு. ரேடியேட்டருக்கு உரியதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் இருக்கும். அது விஷம், குடிநீர் ஓடும் குழாயில் அதற்கு வேலையே இல்லை. ஆர்.வி.க்கென்று விற்கும் இளஞ்சிவப்புத் திரவம் புரோப்பிலீன் கிளைகாலில் செய்தது. மலிவானவற்றில் எத்தனால் கலந்தவையும் உண்டு. அவை ரப்பர் வாஷர்களைக் காயவைக்கும், தீப்பற்றவும் கூடும். புட்டியைத் திருப்பி ஒரு நிமிடம் படித்துவிட்டு வாங்குங்கள்.

புட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் "மைனஸ் 50" என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில், அது பெரும்பாலும் ஃபாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் 46 அளவு. இரண்டாவது, அந்த வெப்பநிலை வரை திரவம் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் என்று அர்த்தம் இல்லை. சுமார் மைனஸ் 10 செல்சியஸை ஒட்டியே அது கூழாகத் தொடங்கிவிடும். குழாயை உடைக்கும் அளவுக்கு இறுகாது, அவ்வளவுதான் அந்த எண்ணின் உறுதி. அந்த உறுதியும் திரவம் கலப்பில்லாமல் இருந்தால்தான். உள்ளே மிச்சத் தண்ணீர் இருந்தால் அதில் கலந்து நீர்த்துப்போகும், எண்ணுக்கு மதிப்பு இருக்காது. முதலில் தண்ணீரை வடிக்கச் சொல்வதும், குழாயில் வெளிறிய ரோஜா நிறம் வந்ததும் மூடாமல் அடர்த்தியான நிறம் வரும் வரை விடச் சொல்வதும் இதனால்தான்.

கம்ப்ரசரால் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுவது ஒரு வழி. நல்ல வழிதான், திரவச் செலவும் குறையும். ஆனால் அதிலும் இரண்டு தவறு நடக்கிறது. டயருக்கு அடிக்கிற அழுத்தத்தை அப்படியே குழாய்க்கும் வைத்தால் இணைப்புகள் பிய்த்துக்கொண்டு வரும். 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாதீர்கள், ஒரு குழாயாவது திறந்தே இருக்கட்டும். அப்புறம், காற்று எல்லாத் தண்ணீரையும் துரத்தாது. பம்புக்குள்ளும் சிங்க்கின் கீழே வளைந்து நிற்கும் குழாயிலும் தண்ணீர் தங்கிவிடும். ஆகவே காற்றடித்தாலும் பம்பில் கொஞ்சம் திரவம் ஓடட்டும். ஒவ்வொரு சிங்க்கிலும் ஷவர் தரையிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். என்னைக் கேட்டால், முதல் தடவை செய்கிறவர்கள் திரவ முறையிலேயே போகட்டும். நிறம் கண்ணுக்குத் தெரியும், காற்று தெரியாது.

வாட்டர் ஹீட்டர்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் இங்கே தவறினால் கையும் சுடும், காசும் சுடும்.

ஆர்.வி. ஹீட்டரின் தொட்டி சாதாரணமாக 23 லிட்டர், பெரிய வண்டிகளில் 38 லிட்டர் பிடிக்கும். பின்பக்கத்தில் பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கிறது, தொட்டிக்குள் போகாமல் குழாய்களுக்கு நேராக வழிதிருப்பிவிடுவது அதன் வேலை. அதைத் திருப்பாமல் பம்பைப் போட்டால் வாங்கி வந்த திரவம் முழுவதும் தொட்டிக்குள் போய்விழும், குழாயில் ஒரு சொட்டு நிறம் வராது. "எட்டு புட்டி ஊற்றியும் போதவில்லை" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி பைபாஸ் பற்றித்தான். ஹீட்டரைத் தவிர்த்தால் நடுத்தர அளவு டிரெய்லர் ஒன்றுக்கு 8 முதல் 12 லிட்டர் வரை போதும்.

தொட்டியை வடிக்க அடியில் உள்ள திருகாணியைக் கழற்ற வேண்டும். மின்சாரத்தையும் கேஸையும் அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். அப்புறம் மேலே உள்ள அழுத்த வால்வைத் தூக்கிக் காற்றை விடுங்கள். அதன் பிறகுதான் திருகாணி. சூடும் அழுத்தமும் இருக்கும்போது கழற்றியவர்களின் கையில் கொதிநீர் பீச்சியடித்திருக்கிறது. எஃகுத் தொட்டி என்றால் அந்தத் திருகாணியோடு ஒரு நீளமான ஆனோடு கம்பி வெளியே வரும். தொட்டிக்குப் பதிலாகத் துரு தன்னைத் தின்னட்டும் என்று வைக்கப்பட்ட பலியாடு அது. முக்கால்வாசி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அலுமினியத் தொட்டியில் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் திருகுதான் இருக்கும்.

கழிவுத் தொட்டிகள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழிப்பறை டேங்கைக் காலி செய்தால் போதாது, கழுவியும் விட வேண்டும். அடியில் மிச்சம் இருந்தால் மாதக்கணக்கில் காய்ந்து சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அளவு காட்டும் சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும். காலி செய்த பின் இதிலும், சிங்க், ஷவர் கழிவுநீர் சேரும் டேங்கிலும் கொஞ்சம் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றினால் வால்வின் ரப்பரும் காயாது.

பேட்டரி: சுவிட்சை அணைத்தால் போதுமா?

போதாது. கேஸ் கசிவைக் காட்டும் டிடெக்டர், ரேடியோவின் நினைவு, கடிகாரம் என்று சில பொருட்கள் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். சில வண்டிகளில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் இவை அணையாது. இரண்டு மூன்று வாரத்தில் பேட்டரி தரைதட்டிவிடும்.

தரைதட்டினால் சார்ஜ் போடலாமே என்று நினைப்பதுதான் தவறு. ஈய அமில பேட்டரியில் சார்ஜ் முழுசாக இருக்கும்போது உள்ளே இருப்பது அடர்ந்த அமிலம். அது மைனஸ் 50 செல்சியஸுக்குக் கீழே போனாலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் வெறும் தண்ணீரை நெருங்கும். முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து கூடு வெடித்துவிடும். ஆக, குளிரைவிட சார்ஜ் இறங்கிய பேட்டரிதான் பகை. முழுசாக சார்ஜ் செய்து, 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்து, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, வயர்களைப் பிரித்து வையுங்கள். முடிந்தால் பேட்டரியையே உள்ளே கொண்டுபோய் மாதம் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு விதி வேறு. அதை முழு சார்ஜில் போட்டுவைக்க வேண்டியதில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. ஆனால் பூஜ்யம் செல்சியஸுக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றவே கூடாது, உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். உள் ஹீட்டரோ, குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்போ உள்ள பேட்டரி என்றால் பரவாயில்லை. கூரை மேல் சோலார் பலகை இருந்தால் நாம் சும்மா இருந்தாலும் அது சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும், அதையும் துண்டியுங்கள்.

மோட்டார்ஹோம்காரர்களுக்கு, அதாவது சொந்த எஞ்சினில் ஓடும் ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கு, ஒரு வார்த்தை. வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைப்பது வண்டிக்குச் செய்யும் உபகாரம் என்று பலர் நம்புகிறார்கள். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகும். எஞ்சின் சரியாகச் சூடேறாவிட்டால் அந்த ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததில் போன சார்ஜும் திரும்பியிருக்காது. ஓட்டினால் நன்றாகச் சூடேறும் வரை சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். டேங்கை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர ஜெனரேட்டரைச் சற்று நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவதுதான் முறை.

எலியும் ஈரமும்

பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். வயர்களும் குழாய்களும் தரை வழியாக உள்ளே வரும் இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோம் மட்டும் அடைத்தால் எலி அதைக் கடித்துத் துப்பிவிட்டு வரும், அதற்குள் கம்பி நாரைத் திணியுங்கள். நாப்தலீன் உருண்டை, வாசனைத் தாள் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. வாசனை பத்து நாளில் போய்விடும், குளிர்காலம் போகாது. உள்ளே தின்ன ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் பலன் தரும். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துவிட்டு, சோபா இடுக்கில் விழுந்த துணுக்கை விட்டுவிடுகிறோம். சோப்பும் மெழுகுவர்த்தியும்கூட எலிக்குத் தீனிதான்.

ஃபிரிட்ஜின் பனியை முழுக்கக் கரைத்து, துடைத்து, கதவைத் திறந்தே விடுங்கள். மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றம் லேசில் போகாது. வெயில் மறைப்புத் துணியை ஈரத்தோடு சுருட்டினாலும் இதே கதிதான்.

பூஞ்சைக்கு இன்னொரு வழியை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம், அதுதான் நீல நிறத் தார்ப்பாய். மழை உள்ளே போகாது, சரி. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே வராது. காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு பெயின்ட்டையும் தேய்க்கும். காற்று புகுந்து வெளிவரும் உறையாக வாங்குங்கள். போர்த்துவதற்கு முன் ஏணி போட்டுக் கூரை மேலே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வென்ட், ஆன்டெனா இவற்றைச் சுற்றிப் பூசிய சீலன்ட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதற்குள் புகும் தண்ணீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து வெடிப்பை அகலப்படுத்திக்கொண்டே போகும். ரப்பர் கூரை என்றால் பெட்ரோலியம் கலந்த கிளீனரோ பசையோ அதன் மேல் படக்கூடாது.

டயருக்குக் காற்றைக் குறைத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நேர்எதிர். பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை அடித்துவிட்டு நிறுத்துங்கள், குளிரில் அழுத்தம் தானே இறங்கும். டயரின் கீழே மண்ணும் ஈரமும் படாமல் ஒரு பலகை போடுங்கள். ஹேண்ட்பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்துவைத்தால் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அதனால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்துங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். கழற்றினால் அதை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்காதீர்கள், காற்றோட்டமான வெளியிடம்தான் அதற்கு.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்கள் வெயில் காலத்தின் முதல் நாளில் ஒரு ஹீட்டரைக் கருக்கிவிடுவது உண்டு. ஆறு மாதத்தில் பைபாஸ் மறந்துபோயிருக்கும், தொட்டியில் தண்ணீர் இல்லை என்பதும் மறந்துபோயிருக்கும். மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் சுவிட்சைப் போடுவார்கள். காலித் தொட்டியில் மின் எலிமென்ட் கருக அதிக நேரம் ஆகாது. நான் இப்போது திருகாணியைக் கழற்றும்போதே ஒரு துண்டுத் தாளில் "பைபாஸ் திருப்பியிருக்கிறது, தொட்டி காலி, ஃபில்டர் இல்லை, நெகட்டிவ் வயர் கழற்றியிருக்கிறது" என்று எழுதி, ஹீட்டர் சுவிட்சின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். அதைக் கிழிக்காமல் சுவிட்சைப் போட முடியாது.