பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் சீக்கிரமே கை வைக்கும் இடம் எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி. துரு தின்று ஓட்டை விழுந்திருக்கும். இல்லையென்றால் "சத்தம் இன்னும் கொஞ்சம் கம்பீரமா இருக்கலாமே" என்ற ஆசை. பவர் கூடும் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) எதையும் தொடாத எஞ்சினில் எக்ஸாஸ்டை மட்டும் மாற்றி, ஓட்டும்போது தெரிகிற அளவுக்குப் பவர் கிடைத்தால் அதிசயம்தான். எனவே நான் பார்க்கச் சொல்வது மூன்று: காருக்குச் சரியாகப் பொருந்துகிறதா, எத்தனை வருடம் தாங்கும், உள்ளே உட்கார்ந்து ஓட்ட முடிகிற சத்தமா.

படி 1: முதலில் காருக்கு அடியில் போங்கள்

காரைத் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் (காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) உறுதியாக நிறுத்திவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். பைப் எந்த வழியாகப் போகிறது, எத்தனை ஹேங்கர் (பைப்பைத் தொங்கவிடும் பிடிப்பு), எந்த இடம் தரைக்கு மிக அருகில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பின் வெளி விட்டத்தையும் அளந்து வையுங்கள். முந்தைய உரிமையாளர் வேறு மாடலின் சைலன்சரை வெட்டி ஒட்டியிருக்கலாம் என்பதால், காரின் வருடத்தை மட்டும் சொல்லி ஆர்டர் செய்வது ஆபத்து.

படி 2: எந்த உலோகம்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால், சூடேறாத சைலன்சருக்குள்ளேயே அது தண்ணீராகத் தங்கிவிடும். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் காரின் சைலன்சர், தினமும் ஓடும் காருடையதைவிடச் சீக்கிரம் உள்ளிருந்து துருப்பிடிப்பது இதனால்தான்.

மைல்டு ஸ்டீல் (சாதாரண எஃகு) மலிவு, வெல்டிங் செய்ய எளிது, ஆனால் ஆயுள் குறைவு. அலுமினியப் பூச்சு உள்ளது இன்னும் கொஞ்சம் தாங்கும். வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் தொடங்கும். வைத்திருந்து ஓட்டப்போகும் கார் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். அதிலும் 304, 409 என்று இரண்டு ரகம் அதிகம் புழங்குகின்றன. 409-ல் குரோமியம் 11 சதவீதம் அளவுக்குத்தான், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. மேலே பழுப்பு படியும். 304-ல் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: 409-ல் பிடித்துக்கொள்ளும், 304-ல் ஒட்டாது, வளைத்த இடங்களில் லேசாக இழுக்கலாம்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 304 சூட்டில் அதிகம் நீளும். இரண்டு மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் 10 மில்லிமீட்டர் நீளும். மைல்டு ஸ்டீல் என்றால் 7 தான். குளிர்ந்திருக்கும்போது பாடியிலிருந்து ஒரு விரல் இடைவெளி கூட விடாமல் மாட்டினால், சூடானதும் தட்டத் தொடங்கும்.

படி 3: மேனிஃபோல்டை மாற்ற வேண்டுமா?

மேனிஃபோல்டு என்பது எஞ்சினில் பொருந்தி, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் பாகம். விரிசல் இல்லாத வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இருந்தால் அதை விடாதீர்கள். சத்தத்தை அடக்கும், சூட்டில் எளிதில் கோணாது. அதற்குப் பதிலாகப் போடும் டியூப் ஹெட்டர் (தனித்தனிக் குழாய்களை இணைத்தது) எடை குறைவு, அழகு. ஆனால் போனட்டுக்குள் சூடு ஏறும், கார்புரேட்டருக்கு அது ஆகாது. எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி காரில் நடு இரண்டு சிலிண்டர்களும் ஒரே எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளியேறும் துவாரம்) பகிர்வதால், நான்கு சிலிண்டர் ஹெட்டர் எதையாவது வாங்கி மாட்ட முடியாது. காற்றால் குளிரும் போர்ஷே 911-ல் வேறு சிக்கல்: கேபின் ஹீட்டருக்கான சூடு எக்ஸாஸ்டைச் சுற்றியுள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து வருகிறது. வெறும் ஹெட்டர் போட்டால் ஹீட்டர் போச்சு.

படி 4: சைலன்சர்

உள்ளே தடுப்பறைகள் உள்ள சைலன்சர் அமைதியானது. நேர்க்குழாய் ரகத்தில் ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை திணித்திருப்பார்கள். புதிதில் இனிமையாக ஒலிக்கும், இழை எரிந்து போகப் போகச் சத்தம் கூடும்.

வீடியோவில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்த சத்தம். உங்களைச் சோதிப்பது நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, அநேகமாக 2,000 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள், காதை அடைக்கும் "ம்ம்ம்" என்ற ரீங்காரம். அதே மாடலில் அதே எக்ஸாஸ்ட் போட்ட ஒருவரிடம் கேட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பின்னால் ஒரு சைலன்சர் மட்டும் உள்ளதைவிட, நடுவில் ரெசனேட்டரும் (ரீங்காரத்தைக் குறைக்கும் சிறு அறை) உள்ள செட்தான் என் ஓட்டு. உங்கள் ஊர் ஒலி வரம்பையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

படி 5: பைப் விட்டம்

பெரிதாக்காதீர்கள். 1,800 சிசி நான்கு சிலிண்டருக்கு 2 அங்குலமே தாராளம். அதற்கு மேல் போனால் சத்தமும் கூடும், தரைக்கான இடைவெளியும் குறையும்.

படி 6: மாட்டுவது

மேனிஃபோல்டு நட்டுகளில் முந்தைய நாளே துரு இளக்கி எண்ணெய் விடுங்கள். ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) முறிந்தால் வேலை பத்து மடங்கு. புதிதாகப் போடும்போது பித்தளை நட்டு போடுங்கள், இறுகிப் பிடிக்காது. கேஸ்கெட்டும் ரப்பர் ஹேங்கரும் புதிதாகவே இருக்கட்டும்.

எல்லாத் துண்டுகளையும் தளர்வாகக் கோர்த்துத் தொங்கவிட்டு, எதுவும் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். கோர்க்கும்போதே ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசிப் பைப் கோணலாகத்தான் நிற்கும்.

குளிர்ந்த எஞ்சினைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, மடித்த துணியால் பின்குழாயைச் சில நொடி அழுத்துங்கள். "டிக் டிக்" அல்லது "புஸ்" என்று கேட்கும் இணைப்பு கசிகிறது. இதில் அலட்சியம் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, கூரை திறந்த காரிலும் பின்னாலிருந்து புகை உள்ளே சுழன்று வரும். ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடித்தாலும் முதலில் கசிவையே சந்தேகப்படுங்கள்.

கொஞ்சம் ஓட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் சரி. வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. எஸ்யூ வகைக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியையும், வெபர் வகையில் அதைச் செய்யும் ஜெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் நன்றாக ஆறியதும் மேனிஃபோல்டு நட்டுகளையும் கிளாம்புகளையும் இன்னொரு முறை இறுக்குங்கள். பைப்பில் எங்காவது புதிதாகத் தேய்ந்து பளபளத்தால், உரசுவது அங்கேதான். அதற்குப் பக்கத்து ஹேங்கரைச் சரிசெய்யுங்கள்.