தேதியைக் கேட்காதீர்கள், விசா எந்த வகை என்று கேளுங்கள்

மண்ணடி அங்கப்ப நாயக்கன் தெருவைச் சுற்றி டிராவல்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் அங்கே வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எப்போது கிளம்பலாம்?" என்றுதான். அது எந்த விசா என்ற விசாரணை, பணம் கைமாறிய பிறகே தொடங்குகிறது. யாரிடம் வேலை பார்க்கலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது விசாவின் வகைதான்.

"விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். துபாயில் அப்படி மாற்ற வழி இருப்பதால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. ஆனால் வேலை தர ஒரு கம்பெனி முன்வந்தால்தான் மாற்ற முடியும். அதுவரை வேலை பார்ப்பது சட்டவிரோதம். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். பத்தாம் வகுப்பு தேறாமல் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு நஷ்டம் இன்னும் அதிகம். முறையான வேலை விசாவில் குடியகல்வு அனுமதி பெற்றுப் போனால் 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு உண்டு. விசிட் விசாவில் போனால் இரண்டும் இல்லை.

அடுத்தது "ஃப்ரீ விசா". அப்படியொரு விசா எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒருவர் பெயருக்கு ஸ்பான்சராக இருப்பார், நீங்கள் வெளியே வேலை தேடிக்கொள்ள வேண்டும். சவுதியில் இப்படிப் பிடிபட்டால் நாடுகடத்தல்தான். ஆகவே ஏஜென்ட் நீட்டும் தாளில் இரண்டு வரிகளை விரல் வைத்துப் படியுங்கள்: ஸ்பான்சர் பெயர், தொழில். மணலியில் பத்து வருடம் வெல்டிங் பிடித்தவருக்குத் தொழில் என்ற இடத்தில் 'லேபர்' என்றிருந்தால், வாய்வார்த்தையாகச் சொன்ன வெல்டர் சம்பளத்தை அங்கே போய் யாரிடம் கேட்பது?

பணத்துக்கும் கணக்கு இருக்கிறது. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு உண்மையா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம். லட்சங்களில் பேசுகிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

மனைவி, பிள்ளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறு. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்காரர் அவர்களைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கு மேல்படியான எஸ் பாஸ் இருந்தாலும் மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் வேண்டும். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் சாதாரண முதுகலை மாணவருக்கும் அந்த வழி மூடப்பட்டுவிட்டது.

2025 ஜூலையில், 23 லட்சம் ரூபாய் கட்டினால் அமீரகத்தில் ஆயுள் முழுக்கக் கோல்டன் விசா (நீண்டகாலம் தங்கும் விசா) என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அமீரக அரசே மறுத்தது. நிலத்தை விற்கும் முன் அந்த நாட்டு அரசுத் தளத்தைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாகச் சான்றொப்பம். ஒரே முத்திரையோடு சான்றிதழை ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் சேராத நாடு. அதனால் மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள, திருமணச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழில் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால், அதை ஊரில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.