கடைசி நாட்களில் நோயாளி கேட்டது நடக்க: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் வீட்டில் யாரோ ஒருவர் 1990ஐ அழைத்துவிடுவார். அம்புலன்ஸில் வருபவர்களின் வேலை உயிரைப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. "என்னை வீட்டிலையே விடுங்கோ" என்று ஐயா போன மாசியில் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ முதல் சிகிச்சை, பிறகு மாவட்ட வைத்தியசாலை, தேவைப்பட்டால் அங்கிருந்து யாழ்ப்பாணம். விடியும்போது அவர் வாய்க்குள் குழாயோடு, சொந்தக்காரர் நுழைய முடியாத பிரிவில் இருப்பார். விருப்பம் வாயோடு நின்றுவிட்டால் இப்படித்தான் முடியும். அதைக் கடதாசிக்கும், கிளினிக் கொப்பிக்கும், ஒரு ஆளின் பொறுப்புக்கும் கொண்டுவர வேண்டும்.

எப்போது, எப்படிக் கேட்பது

புற்றுநோய் பரவிவிட்டது என்று சொல்லப்பட்டால், இதயம் பலவீனமாகி இரண்டாவது தடவை வார்ட்டில் சேர்ந்தால், டயலிசிஸ் பற்றிப் பேச்சு வந்தால், மறதி தொடங்கினால், அதுதான் நேரம். மறதி நோயில் தள்ளிப்போடவே கூடாது. ஒரு வருடம் கழித்துக் கேட்க ஆள் இருப்பார், பதில் இருக்காது.

நோவுக்கு மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு, காலையில், ஒருவரோ இருவரோ மட்டும் பக்கத்தில் இருந்து பேசுங்கள். வருத்தம் பார்க்க ஊரே வந்து இருக்கும்போது கேட்டால் "எனக்கென்ன, பிள்ளையள் பாப்பினம்" என்ற பதில்தான் வரும்.

"அவருக்குச் சொல்லாதேங்கோ டொக்டர்" என்பது நம்மிடையே பழகிப்போன கோரிக்கை. அதில் ஒரு சிக்கல்: என்ன வருத்தம் என்று தெரியாத ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்க முடியாது. அதனால் முதல் கேள்வி, "உங்கட வருத்தத்தைப் பற்றி டொக்டர் என்ன சொன்னவர்?" அடுத்தது, "இன்னும் விளக்கமாக அறிய விருப்பமா, அல்லது என்னோட கதைச்சால் போதுமா?" அறிய விரும்பவில்லை என்றால் அதுவும் அவருடைய விருப்பம்தான், எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு: எதை நினைத்துப் பயம்? எந்த நிலையில் கிடந்து இழுபட விருப்பமில்லை? எங்கே இருக்க வேண்டும்? அவரால் பேச முடியாமல் போனால் யார் பேச வேண்டும்?

மெசினின் பெயரைச் சொல்லி "வேணுமோ வேண்டாமோ" என்று தொடங்காதீர்கள். "வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒருக்கால் போகோணும்" என்பார் ஒருவர். "நோகாமல் இருந்தால் போதும்" என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு இரத்தம் ஏற்றி மூன்று வாரம் தெம்பாக வைத்திருப்பது பொருந்தும். இரண்டாமவருக்கு அதே ஊசியும் பயணமும் வெறும் அலைச்சல்.

காய்ச்சலிலோ சலக்கிருமியிலோ தடுமாறிப் பேசும்போது சொன்னதை முடிவாக எடுக்க வேண்டாம். அது மாறிய பிறகு இன்னொரு முறை கேளுங்கள். சொன்னதை விளங்கி, மனதில் வைத்து, நன்மை தீமை பார்த்து, தன் பதிலைத் தானே சொல்ல முடிந்தால் அந்தப் பதில் செல்லும். பிள்ளைகளுக்குப் பிடிக்காத பதில் என்பதற்காக அது செல்லாமல் போகாது.

டயலிசிஸும் சேலைனும்

வவுனியாப் பக்கம் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் நிறைய. டயலிசிஸ் தொடங்கும் அன்றே "எப்போது நிறுத்துவது" என்றும் பேசவேண்டும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மெசினோடும் ரோட்டோடும் கழிந்து, மற்ற நோய்களும் சேர்ந்து, ஒருவர் "போதும்" என்று சொன்னால் அது தற்கொலை அல்ல, சிகிச்சையை மறுப்பது. நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். சிறுநீர் இன்னும் கொஞ்சம் போகிறவருக்குக் கூடுதலாக இருக்கலாம். சொறி, வாந்தி, மூச்சு முட்டு, தடுமாற்றம் வரும், எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. ஆகவே கிளினிக்குக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. வைத்தியரிடம் சொல்லி, அந்த மருந்துகளைக் கையில் வாங்கிக்கொண்டு நிறுத்த வேண்டும். சிறுநீரக நோயில் சில நோவு மருந்துகள் உடம்பில் தேங்கும், பழைய குளிசையைத் தாமாகக் கொடுக்க வேண்டாம்.

"ஒரு சேலைனாவது ஏத்துங்கோ" என்பது மற்றது. உடம்பு மூடிக்கொண்டு வரும் கடைசி நாட்களில் ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி, மூச்சை இன்னும் கரகரப்பாக்கும். அந்த நேரம் பசியும் தாகமும் குறைந்துவிடும். சாப்பிடாததால் சாவு வருகிறது என்று நினைக்கிறோம். சாவு வருவதால்தான் சாப்பாடு நிற்கிறது. மூக்குக் குழாயும், முற்றிய மறதி நோயில், புரையேறுவதைத் தடுப்பதில்லை. நெஞ்சை அமுக்கி மீட்பது திடீரென நின்ற நல்ல இதயத்துக்கானது. தேய்ந்துபோன உடம்பில் விலா எலும்பு முறிவதே மிச்சம்.

கடதாசி

இப்படி விருப்பத்தை முன்கூட்டி எழுதிவைப்பதற்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. யூடியூப்பில் வரும் படிவங்களும் நொத்தாரிசு விளக்கங்களும் பெரும்பாலும் இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் இலகுவாக்கிய நடைமுறை. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அது செல்லாது. உயிரைப் போக்க ஊசி போடுவது இங்கே குற்றம், அப்படி எழுதினால் கடதாசி முழுவதையுமே ஒதுக்கிவிடுவார்கள். பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது வேறு விடயம். உங்கள் கடதாசி வைத்தியரைக் கட்டிப்போடாது, ஆனால் நோயாளி தெளிவாக இருந்தபோது என்ன நினைத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஒரு பக்கம் போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய், திகதி. பிறகு அவருடைய பேச்சிலேயே: "மாற முடியாத நிலை என்று வைத்தியர் சொன்னால் எனக்கு மூச்சு மெசின் வேண்டாம், நெஞ்சை அமுக்க வேண்டாம். நோவுக்கும் மூச்சு முட்டுக்கும் முழு மருந்தும் தரவேண்டும், அதனால் மயக்கம் வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் இருக்க விருப்பம். வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரி, யாழ்ப்பாணம் வேண்டாம். எனக்காகப் பேசுபவர் என் மூத்த மகள்." கையொப்பம் அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சி. சமாதான நீதவானின் முத்திரை கட்டாயம் இல்லை. இருந்தால் ஊரில் மதிப்புக் கூடும்.

காணி, வீடு, நகை பற்றி ஒரு வரிகூட இதில் வரக்கூடாது. வந்தால் மருத்துவக் கடதாசியே காணிச் சண்டைக்குள் போய்விடும்; அதற்கு மரணசாதனம் இருக்கிறது.

ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள், ஒன்று பேசுபவரிடம், ஒன்று வைத்தியரிடம், ஒரு படம் குடும்ப வட்ஸ்அப்பில். அலுமாரிக்குள் பூட்டியது இரவு இரண்டு மணிக்கு வெளியே வராது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வந்த பிறகும் வாசித்துக் காட்டுங்கள். மனம் மாறினால் பழையதைக் கிழித்துப் புதிதாக எழுதுங்கள்.

பேசுபவரும் வெளிநாட்டுப் பிள்ளையும்

பேசுபவர் அதிகம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்து சேரக்கூடியவராக, தன் விருப்பத்தை ஒதுக்கி மற்றவரின் விருப்பத்தைச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். பிள்ளைகளை இழந்தோ காணாமல் போகக் கொடுத்தோ தனித்துப்போன அம்மாமார் இங்கே பலர். அவர்களுக்கு அயல்வீட்டுப் பெண்ணோ சகோதரி மகளோ பேசலாம், ஆனால் பெயரும் ரெலிபோன் இலக்கமும் கடதாசியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கனடாவில் இருக்கும் மகன் கடைசி நாளில் அழைத்து "எவ்வளவு காசு எண்டாலும் செய்யுங்கோ, கொழும்புக்குக் கொண்டு போங்கோ" என்பது பழகிய காட்சி. அவருக்குக் கவலை உண்மை, தகவல்தான் பழையது. நோயாளி பேசக்கூடிய நாளில், வீடியோவில், அவர் வாயாலேயே மகனுக்குச் சொல்லவையுங்கள். அந்த ஒரு அழைப்பு பிறகு பத்துச் சண்டையை மிச்சம் பிடிக்கும்.

வார்ட்டில்

பேச வேண்டியது விசேட வைத்திய நிபுணரிடம். காலையில் அவர் பார்வையிட வரும் நேரத்தை மிஸ்ஸியிடம் கேட்டு, கடதாசியோடு நில்லுங்கள். "இதை டிக்கற்றில் எழுதிவிடுங்கோ டொக்டர்" என்று கேளுங்கள் (டிக்கற் என்பது வார்ட்டில் வைத்திருக்கும் நோயாளியின் குறிப்பேடு). எழுதாவிட்டால் இரவுக் கடமை வைத்தியருக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் கோபித்துக்கொண்டு சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். அப்படிப் போனால் மருந்தும் திட்டமும் இல்லாமல்தான் போவீர்கள். முறையாகத் துண்டு வெட்டி, நோய் நிர்ணய அட்டையில் "ஆறுதல் சிகிச்சை" என்று எழுதுவித்து, நோவு, வாந்தி, மூச்சு முட்டு, தடுமாற்றம் நான்குக்கும் மருந்து கேளுங்கள். போயா தினமும் விடுமுறையும் எண்ணி, அடுத்த கிளினிக் வரை குளிசை காணுமா என்று அங்கேயே பாருங்கள். கடும் நோவுக்குக் கொடுக்கும் மோர்ஃபின் வழக்கமான பார்மசிகளில் கிடைக்காது.

வீட்டில்

சாதாரண மோர்ஃபின் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மெதுவாகக் கரையும் குளிசை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. மெதுவானதை இடித்துக் கொடுத்தால் அரை நாள் மருந்து ஒரேயடியாக இறங்கும். விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். முதல் நாளே மலமிளக்கியும் சேர வேண்டும். நோவு வரும்வரை பார்த்திருந்து கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, ஈரப் பஞ்சால் வாயைத் துடையுங்கள். பால் பருக்கும் வழக்கத்தை விட வேண்டாம். கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் போதும். தேவாரம் படிப்பதோ சுவாமியாரைக் கூப்பிடுவதோ அவர் காது கேட்கும்போதே நடக்கட்டும்.

கடைசி நேரத்தில் மூச்சு நின்று, இருபது முப்பது விநாடி கழித்து மீண்டும் வரும். தொண்டை கரகரக்கும். முழங்கால் நீலம் பாரிக்கும், கை கால் குளிரும். ரெலிபோனைத் தூக்கத் தோன்றுவது இந்த நேரத்தில்தான். கரகரப்புக்கு ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். யாரை அழைப்பது என்று ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: முதலில் பேசுபவர், பிறகு வைத்தியர். விழுந்து காயப்பட்டால், நோவு மருந்துக்கு அடங்காவிட்டால் 1990.

உயிர் பிரிந்த பிறகு கிராம உத்தியோகத்தரிடம் அறிக்கை பெற்று, ஐந்து நாளுக்குள் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும். நோய் நிர்ணய அட்டை கையில் இருந்தால் மரண விசாரணை அலைச்சல் பெரும்பாலும் வராது. வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை எம்பாம் பண்ணி வைத்திருப்பதா, அன்றைக்கே எடுப்பதா என்பதையும் நோயாளி பேசக்கூடிய நாளிலேயே அவரிடம் கேட்டு அந்தக் கடதாசியின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.